பட்டனை அமத்த முதல் கொப்பியைத் திறவுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. ஊர் களுவாஞ்சிக்குடி. உயர்தரம் வணிகப் பிரிவில் படித்தேன். பிறகு ஆறு மாதம் கணினிப் பயிற்சி எடுத்தேன். நான்கு வருடமாகக் கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில்லும் ஸ்டொக்கும் பார்க்கிறேன். அதே முதலாளிக்குச் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையும் இருக்கிறது. இரண்டிலும் சேர்த்து 34 பேர். கடையிலும் கந்தோரிலும் 15 பேர், ஆலையில் 19 பேர். சம்பளக் கணக்கை இதுவரை எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா பெரிய கொப்பியில் எழுதி வந்தார். சித்திரை வருடத்தோடு அவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார். சின்ன முதலாளி கொழும்பிலிருந்து ஒரு சம்பள மென்பொருள் வாங்கி வந்து, 'இனி நீதான் செய்ய வேணும், பட்டனை அமத்தினால் எல்லாம் வரும்' என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தக் கோர்ஸ் படித்தால் நல்லது? என் ஆங்கிலம் போதுமா? பிழை வந்தால் என் சம்பளத்தில் வெட்டுவார்களா? இன்னொன்று: 42,000 ரூபா பேசிச் சேர்த்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 30,000 என்றும் மிச்சம் 12,000 'கொடுப்பனவு' என்றும் மென்பொருளில் போட்டு, சேமலாப நிதியை (ஈ.பி.எப்.) 30,000க்கு மட்டும் வெட்டச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கோர்ஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது சின்ன விடயம். இப்போது 2026 ஜனவரி. கணக்கப்பிள்ளை ஐயா நிற்க இன்னும் மூன்று சம்பளம் இருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டிய பெரிய பாடம் அவருடைய மேசையில்தான் கிடக்கிறது. எந்த வகுப்பிலும் அது கிடைக்காது, ஏப்ரலுக்குப் பிறகு அவருடனேயே போய்விடும்.

முதலில் என் கதை ஒன்று. 1998 இல் நான் ஒரு நெசவு நிறுவனத்தின் சம்பளத்தை லோட்டஸ் 1-2-3 என்ற, எக்செல் போன்ற பழைய மென்பொருளில் போடத் தொடங்கினேன். அந்த நாட்களில் மட்டக்களப்பில் கணினி தெரிந்தவன் என்றால் ஒரு தனி மரியாதை. போன மாதத்துப் பைலைக் கொப்பி பண்ணி, வரவை மட்டும் மாற்றி, அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். போன மாதம் சம்பளமில்லா லீவு எடுத்த 11 பேரின் வெட்டு அப்படியே புது மாதத்திலும் நின்றதை நான் பார்க்கவில்லை. அந்த நிரலை அழிக்க மறந்துவிட்டேன். சம்பளக் கவரைப் பிரித்த ஒரு பெண், 'தம்பி, இந்த மாசம் நான் ஒருநாளும் லீவு நிக்கல்லையே' என்றபோதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் காசு கொடுத்தேன். கையால் எழுதியிருந்தால் ஒருவருக்கு, இருவருக்குப் பிழைத்திருக்கும். கணினி ஒரு பிழையை வரிசையாக, ஒரே சீராக, மிக அழகான எழுத்தில் எல்லாருக்கும் செய்து கொடுக்கும்.

ஆகவே உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் மென்பொருளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதற்குள் முதல் நாள் நீங்கள் கொடுக்கப்போகும் அமைப்புகளில்தான் பயம் வேண்டும்.

மென்பொருளை நிறுவ ஆள் வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடையில் ஒருவரை எடுத்து அவருடைய சம்பளத்தை ஒரு தாளில் கையால் போடுங்கள். நான் ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மாதச் சம்பளம் 36,000. ஒருநாள் சம்பளமில்லா லீவு. 20 மணித்தியாலம் ஓவர்டைம். முற்பணம் 5,000. லீவுக்கு முப்பதால் வகுத்து 1,200 போக மிச்சம் 34,800. கடை, காரியாலய ஊழியருக்கு ஒரு மணித்தியாலக் கூலி என்பது மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தது; அது 150. ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு, 225. இருபது மணித்தியாலத்துக்கு 4,500. மொத்தம் 39,300. ஊழியர் சேமலாப நிதி ஓவர்டைமுக்குப் பிடிப்பதில்லை. ஆகவே 34,800க்கு 8 வீதம், 2,784. முற்பணம் 5,000, சம்பளம் 25,000ஐத் தாண்டுவதால் முத்திரை வரி 25. கைக்குப் போவது 31,491.

இத்தோடு கணக்கு முடியவில்லை. முதலாளியின் பக்கம் சேமலாப நிதி 12 வீதம் 4,176, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.டி.எப்.) 3 வீதம் 1,044. இந்த இரண்டும் ஊழியரின் சம்பளத்தில் வெட்டக் கூடாதவை. 'நம்பிக்கை நிதிக்கும் எங்கட காசுதான் வெட்டுறாங்க' என்று ஆலையில் யாராவது சொன்னால், சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அப்படி வெட்டியிருந்தால் அமைப்பு பிழை. நமது உதாரணத்தில் அந்த ஆளுக்காக முதலாளிக்கு அந்த மாதம் ஆன செலவு 44,520. சின்ன முதலாளியிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். ஒரு ஊழியர் என்றால் கையில் கொடுக்கும் காசு மட்டும் என்றுதான் பல முதலாளிமார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தாளில் வரிக்கு வரி 'இது ஏன் இப்படி' என்று உங்களால் சொல்ல முடிந்தால், சம்பளக் கணக்கில் முக்கால்வாசி உங்களுக்கு வந்துவிட்டது. மிச்சம் கை பழகுவதுதான்.

இனி உங்கள் இடத்துக்கே உரிய ஒரு பொறி. உங்களிடம் இருப்பது ஒரு முதலாளி, ஆனால் இரண்டு சட்டம். ஹாட்வெயார் கடையும் கந்தோரும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வரும். நெல் ஆலை வேலையோ 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் பக்கம் போகும். அங்கே மாதச் சம்பளக்காரரின் ஓவர்டைமுக்கு 240 ஆல் அல்ல, 200 ஆல் வகுக்க வேண்டும். அதே 36,000 ரூபாக்காரர் ஆலையில் நின்றால் மணித்தியாலக் கூலி 180, ஒன்றரை மடங்கு 270, இருபது மணித்தியாலத்துக்கு 5,400. கடைக்காரரை விட 900 ரூபா கூட. மென்பொருள் நிறுவ வருகிற தம்பி ஒரே எண்ணைப் போட்டுவிட்டு 'எல்லாம் சரி அக்கா' என்று பஸ் ஏறிவிடுவார். ஆலையின் 19 பேரும் அதே சம்பளத்தில் அந்த அளவு ஓவர்டைம் செய்தால் மாதம் 17,100 ரூபா குறைத்துக் கொடுத்திருப்பீர்கள். மூன்று வருடம் கழித்து தொழில் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போனால் அந்தத் தொகை என்னவாகி நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே மென்பொருளில் ஆட்களைக் கடை, ஆலை என்று இரண்டு குழுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க முடியாத மென்பொருள் என்றால் காசைத் திருப்பிக் கேட்பதுதான் புத்தி. யார் எந்தக் குழு என்பதில் சந்தேகம் வந்தால் கிட்டிய தொழில் அலுவலகத்தில் ஒரு காலை நேரத்தைச் செலவழியுங்கள். லொறிச் சாரதியும் காவற்காரரும்தான் வழக்கமாக இழுபடுகிறவர்கள். கடைக்கா ஆலைக்கா என்று கேட்டால் 'ரெண்டுக்கும்தான்' என்பார்கள்.

ஆலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டை தூக்கும் நாட்டாமைமார். மூட்டைக் கணக்கில் கூலி, இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு அறுவடை என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். 'அவங்கள் நிரந்தரம் இல்லை, அவங்களுக்கு சேமலாப நிதி எதுக்கு' என்ற பேச்சை அம்பாறை மாவட்டத்தில் நெல் ஆலைக்கு நெல் ஆலை கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தற்காலிகமோ, நாட்கூலியோ, துண்டுக் கூலியோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து சேமலாப நிதி உண்டு. அவர்களின் மூட்டைக் கணக்கை மென்பொருளுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று முதலே கேட்டு வையுங்கள். தினமும் மாலை ஆலையிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தாலே போதும், ஆனால் அது தினமும் வர வேண்டும். மாதக் கடைசியில் ஞாபகத்தில் இருந்து எழுதுகிற மூட்டைக் கணக்கில் சண்டை வராத மாதம் கிடையாது.

அந்த 12,000 ரூபாக் கேள்விக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அப்படிப் போடாதீர்கள்.

2026 ஜனவரி 1 முதல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000, நாளுக்கு 1,200. 2024 இல் 17,500 ஆக்கினார்கள், 2025 ஏப்ரலில் 27,000, இப்போது 30,000. சின்ன முதலாளி இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, 'சட்டப்படி குறைந்தது 30,000, நான் அதுக்குத்தானே கட்டுறன்' என்று நினைக்கிறார். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேறு, சேமலாப நிதிச் சட்டம் வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சேமலாப நிதிச் சட்டம் உழைப்புக்குக் கிடைக்கும் வருமானத்தைப் பார்க்கிறது. சம்பளம் மட்டுமல்ல, வாழ்க்கைச் செலவுப்படி, அதுபோன்ற மற்றக் கொடுப்பனவுகள், விடுமுறை நாட்களுக்கான சம்பளம், சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் அதற்குள் வரும். ஒவ்வொரு மாதமும், எந்த நிபந்தனையும் இல்லாமல், எல்லாருக்கும் ஒரே அளவாகப் போகும் காசுக்கு 'கொடுப்பனவு' என்று பெயர் வைத்தால் அது சம்பளம் இல்லாமல் போய்விடாது. தொழில் அதிகாரி பெயரைப் பார்ப்பதில்லை, 12 மாதச் சம்பளப் பட்டியலை வரிசையாக விரித்துப் பார்ப்பார்.

கணக்கைப் பாருங்கள். 12,000க்கு முதலாளி மிச்சம் பிடிப்பது 12 வீதமும் 3 வீதமும் சேர்த்து மாதம் 1,800. ஊழியரின் இரண்டு நிதிக் கணக்குகளிலும் விழாமல் போவது மாதம் 2,760. இதில் ஊழியரின் சொந்த 8 வீதமான 960 ரூபா கையில் கூட வருகிறது என்பதால் அவர்களும் பேசாமல் இருப்பார்கள். அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் நின்று பிடிக்கிறது. ஆனால் தொழில் திணைக்களம் பிடித்தால் நிலுவையோடு மேலதிகக் கட்டணமும் ஏறும். பத்து நாள் தாமதத்துக்கு 5 வீதத்தில் தொடங்கி, 12 மாதத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை போகும். அப்போது பழைய மாதங்களுக்கான 8 வீதத்தை ஊழியரிடம் திருப்பி வெட்டவும் முடியாது. உரிய நேரத்தில் வெட்டாதது முதலாளியின் தவறு, அந்தப் பங்கையும் அவர்தான் கட்ட வேண்டும்.

இதைச் சின்ன முதலாளியிடம் சட்டப் புத்தகம் போலச் சொன்னால் கேட்கமாட்டார். மேலே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, பெரிய முதலாளி தேத்தண்ணி குடிக்கிற நேரமாகப் பார்த்து வையுங்கள். பழைய ஆட்கள் வட்டிக் கணக்கு என்றால் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் அப்படித்தான் போட வேண்டும் என்றால், அவர் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கி உங்கள் பைலில் வையுங்கள். எழுத்தில் கேட்டவுடனே பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

இப்போது ஆட்களின் விபரம். மென்பொருளில் முதலில் ஏற்ற வேண்டியது இதுதான், அலுப்பான வேலையும் இதுதான். 34 பேரின் தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் மூன்றையும் கேட்டுப் பிரதி எடுங்கள். வாயால் சொல்வதை எழுதாதீர்கள். நம் ஊரில் தங்கராசா என்ற ஒரே பெயரை அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கியில் இன்னொரு விதமாகவும் சேமலாப நிதியில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். என்று மூன்று எழுத்து முன்னால் இருக்கும் முஸ்லிம் நானாமார் விடயத்தில் ஓர் எழுத்து மாறினால் அது வேறோர் ஆள். கல்முனையில் அந்தப் பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். 55 வயதில் பணத்தை எடுக்கப் போகும்போது இந்த எழுத்துக்காக அவர்கள் எத்தனை நாள் பஸ் ஏறுகிறார்கள் தெரியுமா? அடையாள அட்டையில் உள்ளபடியே போடுங்கள்.

எக்செலில் இருந்து ஏற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. புது அடையாள அட்டைக்கு 12 இலக்கம். சாதாரணக் கட்டத்தில் அடித்தால் எக்செல் அதைச் சுருக்கி, 1.99 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். அதேபோல் வங்கிக் கிளை இலக்கத்தின் முன்னால் வரும் பூச்சியங்களைத் தின்றுவிடும். வங்கிக்கு நான்கு இலக்கம் (இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135), கிளைக்கு மூன்று இலக்கம். 008 என்ற கிளை வெறும் 8 ஆகப் போனால் பைல் திரும்பி வரும். சம்பள நாளன்று வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வரும், அதுதான் அதன் குணம். அடிக்கத் தொடங்குமுன் அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். இன்னொன்று, கணக்கப்பிள்ளை ஐயாவின் காலத்துக் கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கும். அந்தப் பெயர்களை அப்படியே ஒட்டினால் மென்பொருள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக எதையோ காட்டும். யுனிகோடில் புதிதாக அடிப்பதுதான் வேகம்.

ஒரு பலகைக் கொப்பி வாங்கி, 'மாற்றம்' என்று முன்பக்கத்தில் எழுதுங்கள். யாருக்காவது சம்பளம் கூடினால், வங்கிக் கணக்கு மாறினால், புது ஆள் வந்தால், நின்றால், திகதியோடு அதில் எழுதி முதலாளியின் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் கணினியைத் தொட வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இந்தக் கொப்பிதான். முதலாளி நினைத்தபடி உங்கள் சம்பளத்தில் தண்டம் வெட்டிவிட முடியாது, தாமதக் கட்டணமும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஆனால் 'யார் சொல்லி இதைப் போட்டாய்' என்ற கேள்வி வரும் நாளில் கையெழுத்து இருக்கிற கொப்பி பேசுவதுபோல் நீங்கள் பேச முடியாது. நீங்கள் போடும் சம்பளத்தை வேறொருவர் பார்த்துக் கையெழுத்து வைத்த பின்தான் வங்கிக்குப் போக வேண்டும் என்றும் கேட்டு வாங்குங்கள். உங்களில் சந்தேகம் என்பதற்காக அல்ல. நாளைக்கு இல்லாத ஒருவரின் பெயரில் சம்பளம் போனதாகக் கதை வந்தால், தனியாளாகச் செய்தவர்தான் முதலில் மாட்டுவார்.

இனி முக்கியமான மூன்று மாதம். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்றுக்கும் ஐயா கொப்பியில் போடட்டும், நீங்கள் கணினியில் போடுங்கள். அவர் போட்டதைப் பார்த்துப் போடாதீர்கள். வரவுக் கொப்பியில் இருந்து தனியே போட்டு, பிறகு ஒவ்வொருவரின் கைச்சம்பளத்தையும் ஒப்பிடுங்கள். முதல் மாதம் 34இல் 20 பேருக்கு வித்தியாசம் வந்தால் மனம் தளர வேண்டாம், எனக்குத் தெரிந்து வராத இடமே இல்லை. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். சில இடத்தில் கணினி பிழைத்திருக்கும். சில இடத்தில் ஐயா பிழைத்திருப்பார். அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடாதீர்கள், மகள். மூன்றாவது வகை ஒன்று உண்டு: இரண்டு பேரும் சரி, ஆனால் ஐயாவுக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. லொறிச் சாரதிக்குக் கொழும்பு ஓட்டத்துக்கு இரவுப் படி உண்டு, ஆலையின் பழைய மேஸ்திரிக்கு வருடத்தில் ஒரு மூட்டை அரிசி உண்டு, சமையல் அக்காவின் கடன் மாதம் 2,000 வீதம் வெட்டப்படுகிறது என்று எங்கும் எழுதாத ஒப்பந்தங்கள் இருக்கும். ஐயாவின் சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பியாவது, தலைக்குள்ளாவது. அதை முழுவதும் இறக்கி எழுதத்தான் இந்த மூன்று மாதம்.

அவரிடம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். தன் இடத்தைப் பிடிக்க வந்த பெட்டி என்றுதான் அதைப் பார்ப்பார். அவருடைய கொப்பியை விரித்து வைத்து, 'ஐயா, இந்த 750 என்னது?' என்று கேளுங்கள். கதை வரும்.

மார்ச் மாதம்தான் உண்மையான பரீட்சை. இந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச்சின் கடைசிப் பகுதியில் வருகிறது, சித்திரை வருடம் ஏப்ரல் 14. உங்கள் ஆலையில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பார்கள், ஆகவே அட்வான்ஸ் இரண்டு தரம் போகும். யாருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் வெட்டுவது என்பதை மென்பொருளில் கடனாகப் பதியுங்கள். மாதா மாதம் ஞாபகம் வைத்து வெட்டலாம் என்று விடாதீர்கள். ஏப்ரலில் இருந்து நீங்கள் தனியே. அது குழப்பமான மாதம்தான், போனசும் வரும், ஆனாலும் ஏப்ரல் 1 வரி ஆண்டு தொடங்கும் நாள். அன்றிலிருந்து கணக்குச் சுத்தமாகத் தொடங்குவது பின்னால் எவ்வளவோ தலையிடியை மிச்சப்படுத்தும்.

வருமான வரி உங்கள் இடத்தில் பெரிய வேலை இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை உழைப்பவருக்கு வரி கிடையாது. ஆலை முகாமையாளர் 200,000 எடுத்தால், மேலதிக 50,000க்கு 6 வீதம், 3,000 வெட்ட வேண்டும். அந்தக் காசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போக வேண்டும். போனஸ் போன்ற ஒரு தடவைக் கொடுப்பனவுக்குத் திணைக்களத்தின் வேறொரு அட்டவணை இருக்கிறது, சாதாரண மாதம் போல் போட்டுவிடாதீர்கள். சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு முன். கடைசி வேலை நாள் என்பது கலண்டரின் கடைசி நாள் அல்ல. போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் மூன்று நாள் முன்னாலேயே முடிந்துவிடும். இருபதாம் திகதியை உங்கள் கடைசித் திகதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் வங்கிக்கு அனுப்பமுன் நான் பார்க்கிற இரண்டை மட்டும் சொல்லித் தருகிறேன். நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் மொத்தத்தை 3 ஆல் வகுத்து 20 ஆல் பெருக்குங்கள். சேமலாப நிதியின் மொத்தம் வர வேண்டும். மேலே போட்ட உதாரணத்தில் 1,044ஐப் போட்டுப் பாருங்கள், 6,960 வரும். அது 2,784ம் 4,176ம் சேர்ந்ததுதான். சில சதம் வித்தியாசம் வரலாம், ரூபாக் கணக்கில் வந்தால் யாரோ ஒருவருக்கு ஒரு நிதி மட்டும் விடுபட்டிருக்கிறது. இரண்டாவது, போன மாதக் கைச்சம்பள மொத்தத்தையும் இந்த மாதத்தையும் எடுத்து, இடையில் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் வார்த்தையால் விளக்குங்கள்: புது ஆள் ஒருவர், இத்தனை கூட, ஓவர்டைம் குறைவு, இத்தனை குறைய. கடைசி ரூபா வரை விளக்க முடிந்தால் அனுப்புங்கள். 1998 இல் இந்த ஒரு தாளை நான் எழுதியிருந்தால் அந்தச் சைக்கிள் சவாரி இருந்திருக்காது.

சம்பளச் சீட்டை எல்லாருக்கும் கொடுங்கள், ஆலைக்காரருக்கும். உங்கள் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவரை விடக் கூர்மையான கண் வேறு இல்லை. ஆனால் ஒருவருடைய சீட்டு மற்றவர் கண்ணில் படக் கூடாது. கல்முனை சின்ன ஊர். 'அவனுக்கு எவ்வளவு போடுறாங்க' என்று பஸ்ஸில், கலியாண வீட்டில், உங்கள் சொந்த மாமியே கேட்பார். சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். கடவுச்சொல்லை மொனிட்டரில் ஒட்டி வைக்கிற பழக்கமும் வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் முடிந்தவுடன் பைலைப் பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். சம்பளப் பட்டியலைக் கடதாசியிலும் அச்சடித்துப் பைல் பண்ணுங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடிப் பக்கம் ஒரு நிறுவனத்தின் பதிவேடுகளைப் பிரித்துப் பார்க்கப் போனேன். கொப்பிகள் கூழாகி உப்புப் பூத்துக் கிடந்தன. இறந்துபோன ஊழியர்களின் குடும்பங்களுக்குச் சேமலாப நிதியைப் பெற்றுக் கொடுக்க எங்களுக்குக் கை கொடுத்தது, நகருக்குள் வேறொருவர் வீட்டில் வைத்திருந்த சி படிவப் (சேமலாப நிதிக்கு மாதா மாதம் அனுப்பும் படிவம்) பிரதிகள் ஒரு கட்டு. கடல் வராவிட்டாலும் மார்கழி வெள்ளம் நம் பக்கம் தவறாமல் வரும், மின்வெட்டும் வரும். யூ.பி.எஸ். ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். மென்பொருளுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் அது பெரிதில்லை.

ஆங்கிலம்? மென்பொருளில் வருகிற சொல் ஒரு நாற்பதுதான். குரொஸ் என்றால் வெட்டமுன், நெட் என்றால் கைக்கு வருவது, டிடக்சன் என்றால் வெட்டு. கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், இரண்டு சம்பளத்தில் மனப்பாடமாகிவிடும். நான்கு வருடம் ஆங்கிலத்தில் பில் போட்ட உங்களுக்கு அது ஒரு தடையே அல்ல.

கோர்ஸ் என்று கேட்டீர்கள். 'பேரோல்' என்று பெயர் போட்டு ஒரு மாதத்தில் சான்றிதழ் தருகிற வகுப்புகளுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். அங்கே சொல்லித் தருவது வேறொரு மென்பொருளின் பட்டன்களாக இருக்கும். உங்கள் மென்பொருளை விற்றவரிடமே இரண்டு நாள் பயிற்சியை விலைக்குள் சேர்த்துக் கேளுங்கள், மார்ச் ஒப்பீடு முடிந்த பிறகு இன்னொரு நாளும் கேளுங்கள். கேள்வி அப்போதுதான் பிறக்கும். எக்செல் மட்டும் கொஞ்சம் கூட்டிப் படியுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் செலவில்லாமலோ குறைந்த செலவிலோ கிடைக்கும். கணக்கிலேயே மேலே போக ஆசை என்றால், ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் பரீட்சையை வேலை செய்துகொண்டே எழுதலாம். அதை அடுத்த வருடம் யோசியுங்கள்.

இந்த மாத வரவுக் கொப்பி முப்பத்தோராம் திகதி மூடப்படும். அதற்கு முன் ஐயாவிடம் போய், அவர் கையால் போட்ட டிசம்பர் சம்பளத்தில் ஆலைக்காரர் ஒருவருடைய கணக்கு வரிசையை மட்டும் எடுத்து, ஓவர்டைமுக்கு எந்த எண்ணால் வகுத்திருக்கிறார் என்று பாருங்கள். 240 என்றால் எனக்கு உடனே எழுதுங்கள். அப்படியென்றால் பழைய மாதங்களைப் பற்றி முதலாளியோடு பேசுவது எப்படி என்று நாம் தனியே யோசிக்க வேண்டும்.